மூன்று முறையும் வீடு பூட்டியிருந்தது

போடிநாயக்கனூர்
15-6-1981

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை செல்லக்கிளி எழுதுவது. இங்கே நானும் அவரும் பாண்டியும் சுகமாக இருக்கிறோம். நீங்கள், மதினி, பிள்ளைகள் எல்லோரும் சுகமா? உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்திருந்தால் எழுதுங்கள், மதுரைக்கு வருகிறவர்களிடம் கொடுத்து விடுகிறேன்.

நீங்கள் வாங்கிக் கொடுத்த வேலையில் சேர்ந்து பதினைந்து நாள் ஆகிறது. நீங்கள் பதவி உயர்வில் தலைமை ஆபீசுக்குப் போன பிறகு எட்டு மாதம் இந்த நாற்காலி காலியாகவே கிடந்ததாம். வாசலில் குழந்தைகள் காப்பு மன்றம் என்று போர்டு தொங்குகிறது. உள்ளே கரையானுக்குத்தான் காப்பு. அலமாரியையாவது ஒழுங்கு செய்வோம் என்று நேற்று ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் போய்க் கதவைத் திறந்தேன்.

படியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். விரலெல்லாம் ஏலச்செடிக் கறை. என்னைப் பார்த்ததும் எழுந்து, "தொறந்துட்டீகளா தாயி?" என்றாள். வாட்ச்மேன் காசிமாயனைக் கேட்டால், "அது ஒரு வருசமா ஞாயித்துக்கெழமையானா வந்து ஒக்காந்துட்டுப் போகும்மா. லீவு லீவுன்னு சொல்லி எனக்கே வாய் வலிச்சுப்போச்சு" என்கிறான்.

அவள் பெயர் ஆயம்மாள். ஊர் குரங்கணி. புருசன் இல்லை. போன வருசம் மே மாதம் போடிச் சந்தைக் கூட்டத்தில் மகள் பொன்னுமணி கையை விட்டுத் தவறிவிட்டாள். ஆறு வயது. போலீஸ்காரர்கள் பிள்ளையை நம் மன்றத்தில் ஒப்படைத்திருக்கிறார்கள் என்று தெரிந்து மறுநாளே ஓடிவந்திருக்கிறாள். பிள்ளையை அதற்குள் மதுரை இல்லத்துக்கு அனுப்பியாயிற்று. அப்போதிருந்த குமாஸ்தா, "ஆபீசர் ஒன் வீட்டுக்கே விசாரிக்க வருவாரு, வீட்டுல இரு" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம்.

கோப்பைத் தேடி எடுத்தேன். உங்கள் கையெழுத்து. "மூன்று முறை நேரில் சென்றும் வீடு பூட்டியிருந்தது. குடும்பம் ஊரைவிட்டுப் போய்விட்டதாகத் தெரிகிறது. உறவினர் எவரும் அணுகவில்லை. கோப்பு முடிக்கப்பட்டது." அணுகாதவள் என் எதிரே நின்றுகொண்டிருந்தாள் அண்ணே! பிள்ளை இப்போது எங்கே என்று கோப்பில் ஒரு வரி இல்லை. உடனே எழுதுங்கள். அடுத்த ஞாயிறு பதில் சொல்கிறேன் என்று அவளிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

மதினிக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு என் அன்பு.

செல்லக்கிளி


மதுரை
22-6-1981

அன்புத் தங்கைக்கு அண்ணன் ஜக்கையன் ஆசி. கடிதம் கிடைத்தது. சாமி புண்ணியத்தில் இங்கே எல்லோரும் நலம். மூட்டுவலி பரவாயில்லை. பெரியவள் வேலுத்தாய்க்கு நல்ல இடம் ஒன்று கூடி வருகிறது. மாப்பிள்ளைப் பையன் பேங்கில் வேலை. ஆவணியில் முடித்துவிடலாம் என்று பேச்சு.

நீ வேலையில் காட்டும் அக்கறை சந்தோஷம். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் மாதம் எல்லார் கண்ணீரும் உண்மையாகத்தான் தெரியும். ஆயம்மாள் என்று மலையில் பத்துப் பேர் இருப்பார்கள். முடித்த கோப்பைத் திரும்பத் திறக்கிற வழக்கம் மன்றத்தில் கிடையாது. திறந்தால் அது நிலுவைக் கணக்கில் ஏறும். போடிக் கிளைதான் நிலுவை குறைந்த கிளை என்று போன வருசம் எனக்குக் கேடயம் கொடுத்தார்கள். அந்தப் பெயரை நீ காப்பாற்ற வேண்டும். தொண்ணூறு நாளுக்குள் கோப்பை முடிப்பது எப்படி என்று எல்லாக் கிளைகளுக்கும் போகிற சுற்றறிக்கையை நான்தான் தயாரித்துக்கொண்டிருக்கிறேன். உனக்கும் ஒரு பிரதி வரும்.

ஞாயிற்றுக்கிழமை ஆபீசைத் திறக்காதே. அதற்கு அனுமதி இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

ஜக்கையன்


போடிநாயக்கனூர்
29-6-1981

அன்புள்ள அண்ணனுக்கு, இங்கே அனைவரும் சுகம். வேலுத்தாய்க்கு இடம் அமைந்தது கேட்டு ரொம்பச் சந்தோஷம். அவளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. பிள்ளை எங்கே? நீங்கள் கேடயத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள்.

போன புதன்கிழமை குரங்கணிக்குப் போனேன். லோடு ஏற்றிப்போன ஜீப்பில் மூட்டை மேல் உட்கார்ந்து போனேன். வீடு பூட்டித்தான் இருந்தது. பக்கத்து வீட்டுச் சுருளியம்மாளைக் கேட்டேன். "அவ திங்கக்கெழம வெள்ளன ஜீப்புல ஏறுனான்னா சனிக்கெழம பொழுதுசாயத்தான் எறங்குவா. காய் எடுக்கிற எஸ்டேட்டுல கூலியாளுக லயத்துலயே படுக்கை. இந்தத் தெருவுல முக்காவாசி வீடு அப்படித்தானம்மா" என்றாள். அப்படியானால் நாம் போகிற நாளெல்லாம் அவள் கதவு பூட்டியிருக்கிறது. அவள் வருகிற நாளெல்லாம் நம் கதவு பூட்டியிருக்கிறது. நீங்களும் போடியில் பிறந்து வளர்ந்தவர்தானே, மலைச்சோலிக்காரர்கள் எந்தக் கிழமை இறங்குவார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா?

இன்னொன்றும் சொன்னாள். குமாஸ்தா சொன்னதை நம்பி ஆயம்மாள் அஞ்சு நாள் சோலிக்குப் போகாமல் வாசலிலேயே கிடந்தாளாம். கங்காணி வந்து வைததற்கு அப்புறம்தான் ஜீப் ஏறினாளாம். "ஆபீசரு வந்தாரா?" என்று கேட்டேன். "மழைக்கி ஒதுங்கக்கூட ஒரு ஆபீசரும் இந்தப் பக்கம் வந்ததில்ல" என்றாள். அவள் பார்க்காத நேரம் நீங்கள் வந்திருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

நேற்றும் ஆபீசைத் திறந்தேன். அனுமதி இல்லாவிட்டால் சம்பளத்தைப் பிடித்துக்கொள்ளட்டும். ஆயம்மாள் வந்தாள். இன்னும் ஒரு வாரம் பொறு என்று சொல்லி அனுப்பினேன். வெரசாகப் பதில் போடுங்கள்.

மதினியைக் கேட்டதாகச் சொல்லவும்.

செல்லக்கிளி


மதுரை
20-7-1981

அன்புத் தங்கைக்கு ஆசி. நலம், நலமறிய ஆவல். மூன்று வாரமாக ஊர் ஊராகக் கேம்ப், அதனால்தான் எழுத முடியவில்லை. நீ இரண்டு தடவை டிரங்க் கால் போட்டதாகச் சொன்னார்கள். ஆபீஸ் போனில் இந்த விஷயமெல்லாம் பேச வேண்டாம்.

நீ கேட்டதற்காக விசாரித்தேன். அந்தக் குழந்தை சென்னையில் நல்ல இல்லம் ஒன்றில் இருக்கிறது. வெளிநாட்டுத் தம்பதியர் வளர்க்கக் கேட்டிருக்கிறார்கள். ரொம்பத் தங்கமானவர்கள் என்று சொல்கிறார்கள். ஆகஸ்ட் 28-ல் கோர்ட்டு உத்தரவு ஆகிவிட்டால் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். யோசித்துப் பார், ஏலக்காட்டில் அட்டைக்கடியில் கிடக்க வேண்டிய பிள்ளை, படித்துப் பெரிய ஆளாகப் போகிறது. எத்தனை பேருக்குக் கிடைக்கும் இந்த யோகம்? அந்தப் பெண்ணிடம் பக்குவமாகச் சொல்லிவிடு. அல்லது சொல்லாமலே விட்டுவிடு, அதுவும் நல்லதுதான்.

கோபம் உடம்புக்கு ஆகாது செல்லக்கிளி. உனக்கு ரொம்ப நாளாகவே ரத்தக்கொதிப்பு உண்டு. உப்பைக் குறை.

ஜக்கையன்


போடிநாயக்கனூர்
23-7-1981

அண்ணனுக்கு.

எங்களுக்குச் சுகம். என் உப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுக் கோப்பை மறுபடி எடுத்தேன். நீங்கள் குரங்கணிக்குப் போனதாக எழுதியிருக்கிற தேதிகளைப் பார்த்தேன். 1980 ஜூன் 18. ஜூலை 16. ஆகஸ்ட் 20. மூன்றும் புதன்கிழமை. மூன்றாவது தேதியை எங்கேயோ பார்த்த ஞாபகம் மண்டையைக் குடைந்தது. வீட்டுக்கு வந்து டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தேன்.

ஆகஸ்ட் 20 பாண்டிக்குக் காது குத்தின நாள். காதுகுத்து அழைப்புப் பத்திரிகையில் அச்சடித்திருக்கிறது. பொட்டிபுரத்தில் எங்கள் குலசாமி கோயில். தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்த வேண்டும் என்று காலை எட்டு மணிக்கெல்லாம் சீர்த்தட்டோடு வந்து உட்கார்ந்தது யார்? பிள்ளை கதறினபோது வாயில் சர்க்கரை போட்டுத் தட்டிக் கொடுத்தது யார்? கிடாய்க்கறி சாப்பிட்டுவிட்டுப் பந்தலிலேயே படுத்துத் தூங்கி, பொழுது சாய்ந்த பிறகு கடைசி பஸ்சில் போனது யார்? அன்றைக்கு ஆயம்மாள் வீடு பூட்டியிருந்தது என்று கண்ணால் பார்த்து எழுதியிருக்கிறாயே, எந்தக் கண்ணால் பார்த்தாய்?

இனி நீங்கள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. பச்சைப்பொய் அண்ணே. ஒரு தாய் உயிரோடு இருக்கும்போதே அவளை இல்லையென்று எழுதிவிட்டாய். எழுதும்போது உன் கை கூசவில்லையா? என் பிள்ளையை மடியில் வைத்திருந்த அதே நாளில் அவள் பிள்ளையை அநாதையாக்கியிருக்கிறாய். யோகமாம்! உன் சின்ன மகளைச் சந்தையில் தொலைத்துவிட்டு, வெளிநாட்டுக்காரன் தங்கமானவன் என்று விட்டுக் கொடுப்பாயா?

அந்த ஜூன் மாதமும் ஜூலை மாதமுமாவது போனாயா? அதைச் சொல்.

செல்லக்கிளி


மதுரை
3-8-1981

தங்கைக்கு ஆசி. நலம். எனக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல், இப்போது தேவலை. பாண்டிக்கு ஒரு சட்டை எடுத்து அனுப்பியிருக்கிறேன். அளவு சரியாக இருக்கிறதா என்று எழுது. மழை எப்படி? மாப்பிள்ளைக்கு இருமல் நின்றதா?

மற்றவை நேரில்.

ஜக்கையன்


போடிநாயக்கனூர்
6-8-1981

அண்ணனுக்கு. இருமல் நின்றுவிட்டது. மழை பெய்கிறது. சட்டையை இதே பார்சலில் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

நேரில் பேசுகிற விஷயம் இல்லை இது. எழுத்தில் செய்ததை எழுத்தில்தான் அழிக்க வேண்டும். ஆயம்மாளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பக்குவமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. படியிலேயே அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "ஏரோப்ளேன்ல போயிட்டா ஞாயித்துக்கெழம வந்தாலும் பாக்க முடியாதுல்ல தாயி?" என்று கேட்டாள்.

அவள் கைநாட்டு வைத்த மனுவைச் சென்னையில் ஒரு வக்கீலுக்கு அனுப்பினேன். நேற்றுப் பதில் வந்தது. யாரோ ஒரு பெண் நான்தான் தாய் என்று சொல்வதைவிட, மூன்று முறை நேரில் போனேன் என்று அதிகாரி எழுதிய அறிக்கைக்குத்தான் கோர்ட்டில் மதிப்பாம். அந்த அறிக்கை பொய் என்று அதை எழுதியவரே எழுதிக் கொடுத்தால் வழக்கு நின்றுவிடுமாம். என் சொல் செல்லாது. நான் அப்போது வேலையில் இல்லை.

ஆகவே நீதான் எழுத வேண்டும். இருபத்திரண்டு நாள் இருக்கிறது. நீ எழுதாவிட்டால் காதுகுத்துப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு நானே கோர்ட்டில் போய் நிற்பேன். செல்லுமோ செல்லாதோ, ஊர் சிரிக்கட்டும்.

செல்லக்கிளி


மதுரை
14-8-1981

அன்பு நாத்தனாருக்கு, மதினி சோலையம்மாள் எழுதுவது. வேலுத்தாயை விட்டு எழுதச் சொன்னால் அவளுக்குத் தெரிந்துபோகும் என்று நானே எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள். சுகமா? பாண்டி சாப்பிடுகிறானா?

உங்கண்ணன் பத்து நாளாகச் சோறு தண்ணி இல்லாமல் கிடக்கிறார். கேட்டால் ஒன்றுமில்லை என்கிறார். உன் கடிதத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் படித்துவிட்டேன். ஆத்தா, உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன். வர்ற முப்பதாம் தேதி கல்யாணம். பத்திரிகை கொடுத்தாகிவிட்டது. இவர் எழுதிக் கொடுத்தால் இவர் வேலையே போய்விடும் என்கிறாரே. வேலை போன மனுசன் வீட்டில் எவன் பெண்ணெடுப்பான்? முப்பதாம் தேதி முடியட்டும், அப்புறம் அவரையே எழுதச் சொல்கிறேன். உனக்கு ஒரு அண்ணன் தானே.

மதினி


போடிநாயக்கனூர்
17-8-1981

மதினிக்கு வணக்கம். பாண்டி நன்றாகச் சாப்பிடுகிறான்.

கோர்ட்டு இருபத்தெட்டாம் தேதி. கல்யாணம் முப்பதாம் தேதி. நீங்கள் கேட்கிற இரண்டு நாளில் ஒரு பிள்ளை கடல் தாண்டிப் போய்விடும். எனக்கு ஒரு அண்ணன்தான், உண்மை. ஆயம்மாளுக்கும் ஒரு மகள்தான். வேலுத்தாயைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கணக்கு உங்களுக்கு ஞாபகம் வராதென்றால் என்னிடம் கேளுங்கள், தள்ளிப்போடுகிறேன்.

செல்லக்கிளி


மதுரை
25-8-1981

செல்லக்கிளிக்கு.

எழுதிவிட்டேன். இன்று மத்தியானம் மன்றச் செயலாளர் கையில் ஒரு பிரதி கொடுத்தேன். நாளைக் காலை ரயிலில் நானே சென்னைக்குப் போய் வக்கீலிடம் அசலைக் கொடுக்கப் போகிறேன். கோர்ட்டில் நிற்கச் சொன்னாலும் நிற்பேன்.

நீ கேட்டாயே, ஜூன் மாதம் போனேன். குரங்கணி டீக்கடை வரைக்கும். நல்ல மழை. டீக்கடைக்காரரிடம் ஆயம்மாள் வீடு எது என்று கேட்டேன். "அவுகளா, காய் எடுக்கப் போயிருக்காக, சனிக்கெழமதான் எறங்குவாக" என்றார். நான் டீ குடித்துவிட்டு அதே ஜீப்பில் திரும்பிவிட்டேன். தெரியாமல் எழுதவில்லை, தெரிந்தேதான் எழுதினேன். ஜூலையில் போகவே இல்லை. ஆகஸ்டில் எங்கே இருந்தேன் என்று உனக்கே தெரியும். மறுநாள் ஆபீசில் உட்கார்ந்து அந்த வரியை எழுதும்போது கையில் பந்தல் சந்தன வாசனை போகவில்லை. அந்த வார முடிவில் தொண்ணூறு நாள் முடிகிறது. மேலே இருந்து, எத்தனை கோப்பு முடித்தாய் என்றுதான் கேட்டார்கள். ஒருத்தராவது எத்தனை பிள்ளை வீடு போய்ச் சேர்ந்தது என்று கேட்டதில்லை.

காசிமாயன் என்னிடமும் சொன்னான், ஒரு பொம்பளை ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று. வேலை நாளில் வரச் சொல் என்றேன்.

மாப்பிள்ளை வீட்டாரிடம் நானே போய்ச் சொன்னேன். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். வேலுத்தாய் என்னோடு பேசவில்லை.

இது ஒன்றுதான் செல்லக்கிளி. இந்த ஒரு கோப்பில்தான் தவறிவிட்டேன். இத்தோடு என்னை விட்டுவிடு.

ஜக்கையன்


போடிநாயக்கனூர்
21-9-1981

அண்ணனுக்கு.

நாங்கள் நலம். உங்கள் உடம்பு தேறியதா? கல்யாணத்தை ஐப்பசிக்குத் தள்ளியிருக்கிறார்கள், முறிக்கவில்லை என்று மதினி எழுதியிருந்தார். அந்தப் பையன் நல்லவனாக இருக்க வேண்டும். உங்களைச் சஸ்பெண்ட் செய்த உத்தரவின் நகல் எனக்கும் வந்தது. ஆறுதல் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் உங்களோடு சேர்த்துச் சஸ்பெண்ட் ஆக வேண்டிய தொண்ணூறு நாள் சுற்றறிக்கை இன்னும் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில்தான் இருக்கிறது. அதை எழுதச் சொன்னவர்கள் யாருக்கும் ஒரு நகலும் போகவில்லை. அதற்கும் சேர்த்துத்தான் நான் கத்திக்கொண்டிருக்கிறேன். ஞாயிறு திறந்து திங்கள் மூட அனுமதி கேட்டு நாலு கடிதம் போட்டேன். நாலாவதற்கு, "பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வந்தது. பரிசீலித்துக்கொண்டே இருக்கட்டும், நான் திறந்துகொண்டேதான் இருக்கிறேன். வீடு பூட்டியிருந்தது என்று எழுதினால் பக்கத்து வீட்டார் ஒருவர் அதில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும் என்று இந்த ஆபீசில் நானே சட்டம் போட்டுவிட்டேன்.

தாயிடமே ஒப்படைக்கச் சொல்லிக் கோர்ட்டு உத்தரவாகி, நேற்றுப் பொன்னுமணி வந்தாள். சென்னையிலிருந்து ஒரு ஆயா கூட்டிக்கொண்டு வந்தார். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். காலில் பூட்சு. ஆயம்மாள் எட்டு மணிக்கே வந்து காத்துக்கொண்டிருந்தாள். கட்டிப்பிடித்து அழுவாள் என்று நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் ஓடிப் போய்ப் பிள்ளை முதுகில் பளாரென்று ஒரு அடி வைத்தாள். "கையப் பிடிச்சுக்கிட்டே வாடீன்னு சொன்னேன்ல? சொன்னேன்ல?" அது வரைக்கும் ஊமை மாதிரி நின்ற பிள்ளை, அடி விழுந்த பிறகுதான் "ஆத்தா" என்று கத்தியது. அப்புறம் இரண்டு பேரையும் பிரிக்க முடியவில்லை. காசிமாயன் வெளியே போய் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றான்.

உங்களைப் பற்றி அவளிடம் சொன்னேன். பொய் எழுதினவரும் அவர்தான், அதைப் பொய் என்று எழுதிக் கொடுத்தவரும் அவர்தான், என் கூடப் பிறந்தவர் என்றேன். அவள் உங்களை வையவில்லை, வாழ்த்தவும் இல்லை. "எங்ககூட ஜீப்புல வந்தவுகளையும் பாருங்க தாயி" என்றாள்.

அப்போதுதான் பார்த்தேன். வாசலில் இன்னும் மூன்று பேர் நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் திறக்கிறார்கள் என்று மலை முழுக்கப் பேச்சாம். ஒருவர் மேல் எஸ்டேட்டில் விறகு வெட்டுகிற கோட்டைச்சாமி. "எம் மகன் சோணைய ரெண்டு வருசத்துக்கு முன்னால பஸ் ஸ்டாண்டுல போலீசு பிடிச்சு ஒங்க கையில குடுத்தாகன்னாகம்மா. எட்டு வயசு. எங்க இருக்கான்னு மட்டும் சொல்லுங்க, நான் நடந்தே போய்க் கூட்டியாந்துக்கிறேன்" என்றார்.

அலமாரியை முழுசாகக் கீழே இறக்கினேன். பொழுது சாய்கிற வரை ஒவ்வொரு கோப்பாகப் பார்த்தேன். இது ஒன்றுதான் என்று எழுதியிருந்தீர்கள். பொன்னுமணியைத் தவிர இன்னும் ஏழு இருக்கிறது அண்ணே. ஏழிலும் உங்கள் கையெழுத்து. ஏழிலும் மூன்று புதன்கிழமை. ஏழிலும் வீடு பூட்டியிருந்தது.

உங்களை விட்டுவிடச் சொன்னீர்கள். விட மாட்டேன். இப்போது உங்களுக்கு ஆபீஸ் இல்லை, கேம்ப் இல்லை, நேரம் நிறைய இருக்கிறது. இந்தக் கடிதத்தோடு ஏழு கோப்புக்கும் நகல் வைத்திருக்கிறேன். வெள்ளைத்தாளும் வைத்திருக்கிறேன். எதற்குப் போனீர்கள், எதற்குப் போகவில்லை, பிள்ளையை எந்த ஊருக்கு அனுப்பினீர்கள் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுதுங்கள். முதலில் சோணை. அவன் அப்பா அடுத்த ஞாயிறு வருவார்.

செல்லக்கிளி